நடு அறையில் பேச்சு நின்ற பிறகு

சந்து முனையில் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றும்போதே நர்ஸுக்கு அந்தக் குரல் கேட்டுவிட்டது. ஆண் குரல். தேய்ந்துபோய், சிமெண்டுத் தரையில் தகரத்தை இழுப்பதுபோல் இருந்தது. யாரையோ விடாமல் திட்டிக்கொண்டிருந்தது. நடுவில் சின்ன இடைவெளி, எதிராளி பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு. பிறகு மறுபடியும் வசவு.

மத்தியான வெயில் சந்தின் ஒரு பக்கச் சுவரில் மட்டும் விழுந்திருந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் கீழே எட்டிப் பார்த்தாள். மருந்துப் பெட்டியைக் கண்டதும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாளா, கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாளா என்று கேட்டாள். பார்க்கத்தான் என்று நர்ஸ் சொன்னாள். அந்தப் பெண் ஈரப் புடவையை உதறிய உதறலில் நர்ஸின் தலையில் தண்ணீர் தெறித்தது. தெரியாமல் பட்டதாகத் தோன்றவில்லை.

நர்ஸுக்கு இதெல்லாம் பழக்கம்தான். மனநலப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. மாதாந்திர ஊசி போடுவாள். மாத்திரையை விழுங்குகிறார்களா, தலையணைக்கு அடியில் சேர்த்து வைக்கிறார்களா என்று கண்காணிப்பாள். தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டாருக்குப் பொறுமை இன்னும் மிச்சமிருக்கிறதா என்று விசாரிப்பாள். கதவு திறக்கிற வேகத்திலேயே ஒரு வீட்டின் நிலவரம் அவளுக்குப் பிடிபட்டுவிடும். அவள் பேயையும் நம்பமாட்டாள், பேயோட்டுகிறவனையும் நம்பமாட்டாள். மருந்தை நம்புவாள். அந்த நம்பிக்கைக்கு அவளிடம் நிறையச் சாட்சிகள் இருந்தார்கள். வேலைக்குத் திரும்பியவர்கள், பிள்ளைகளை மறுபடி மடியில் தூக்கி வைத்துக்கொண்டவர்கள்.

கதவு பாதிதான் திறந்தது. திறந்தவள் நோயாளியின் அக்கா. ஒரு காலேஜ் விடுதியில் சமையல் வேலை பார்ப்பவள். விடிகாலையில் போய் மத்தியானம் திரும்பிவிடுவாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவளுக்குத் தம்பி, தம்பிக்கு அவள். அவன் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவன். நாள் முழுக்க ஒரு பெட்டிக்குள் ஏறி இறங்கியும் யாரிடமும் முகம் சுளிக்காத ஆள் என்று அக்கா சொன்னாள். இந்த வீட்டுக்குக் குடிவந்து சில மாதங்களில்தான் இப்படி ஆகிவிட்டானாம்.

ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள். முன்னறை, நடு அறை, அதற்கப்பால் சமையலறை. நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே பல்பு போட்டால் இரண்டு நாள் எரியும், பிறகு போய்விடும். வீட்டுக்காரர் சாவி கொடுக்கும்போதே, அந்த அறையில் சாமான் மட்டும் போட்டு வையுங்கள், படுக்க வேண்டாம் என்றாராம். காற்று வராது என்பதால் சொல்கிறார் என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தம்பி அங்கேதான் உட்கார்ந்திருந்தான். குட்டை முக்காலியில், மூலையைப் பார்த்தபடி. உதடுகள் வெடித்துக் கறுத்திருந்தன. நனைந்த சாக்கின் வாடையும், அதற்கடியில் முடி கருகிய வாடையும் அடித்தது. போனில் பேசிக்கொண்டிருப்பவன் வந்தவரை உட்காரச் சொல்வதுபோல், பேச்சை நிறுத்தாமலேயே கையால் சைகை காட்டினான். பிறகு மூலையைப் பார்த்து, "இரு, வர்றேன்" என்று சொல்லிவிட்டு நர்ஸின் பக்கம் குனிந்தான்.

"சீக்கிரம் கேளுங்க சிஸ்டர். ரொம்ப நேரம் காக்க வைக்க முடியாது."

மூலையில் எதுவும் இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், அவ்வளவுதான். அங்கே இருப்பது யார் என்று நர்ஸ் கேட்டாள். யாரென்று தனக்கும் தெரியாது, கேட்டால் சிரிக்கிறது என்றான். ஆனால் அதற்குப் பேச்சுக்கு ஆள் வேண்டும். ஏச்சோ பேச்சோ, ஏதாவது பதில் வந்துகொண்டே இருந்தால் மூலையிலேயே கிடக்கும்.

"நிறுத்தினா எந்திரிக்கும்" என்றான்.

எழுந்து என்ன செய்யும் என்று நர்ஸ் கேட்டாள். சமையலறைப் பக்கம் பார்த்தான். அங்கே அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட கதைகளை நர்ஸ் நூற்றுக்கணக்கில் கேட்டிருக்கிறாள். சுவருக்குள் ஆள் உண்டு, டிவிக்குள் ஒற்றன் உண்டு, சொந்தப் பல்லே தன்னைக் காட்டிக்கொடுத்த வீடும் உண்டு. எதையும் மறுக்கக் கூடாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது. அவனுடைய பயம் தனக்குப் புரிகிறது என்றாள். இந்த ஊசி போட்டுக்கொண்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கும், தூக்கம் வரும் என்றாள். அவன் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அக்கா ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"எனக்காகப் போட்டுக்கடா தம்பி. என்னால முடியல."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு சட்டையைத் தோளிலிருந்து இறக்கினான். ஊசி இறங்கும்போது அவன் முகம் சுளிக்கவில்லை. மூலையைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் ஏதோ கெஞ்சினான். அதுவரை அவன் அதைத் திட்டுவதை மட்டும்தான் நர்ஸ் கேட்டிருந்தாள்.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. அடுத்த மாதம் போனபோது சந்தில் அந்தக் குரல் இல்லை. அதற்கடுத்த மாதம் தம்பி முன்னறையில் ஷேவ் செய்துகொண்டிருந்தான். கண்ணாடியில் நர்ஸைப் பார்த்துவிட்டு, லிஃப்ட்காரன் குரலில், "எந்த மாடிக்குப் போகணும் மேடம்?" என்று கேட்டான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். காய்கறி வாங்க அவன்தான் கடைக்குப் போகிறான், மீதிச் சில்லறையைக்கூடச் சரியாகக் கொண்டுவருகிறான் என்றாள். நர்ஸுக்கு மனசு நிறைந்துவிட்டது. டாக்டரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னாள். டாக்டரும் மகிழ்ந்து, அதே அளவு மருந்தைத் தொடரச் சொன்னார்.

எதிர்வீட்டுக்காரிக்கு மட்டும் திருப்தியில்லை. ஒருநாள் நர்ஸை வழிமறித்து, அவன் வாயை அடைத்துவிட்டீர்கள், இப்போது அவள் ஆரம்பித்திருக்கிறாள், இதற்கு அதுவே மேல் என்றாள். வம்புக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நர்ஸ் நகர்ந்துவிட்டாள்.

ஆனால் அன்றைக்குக் கதவைத் திறந்த அக்காவுக்குக் குரல் கட்டியிருந்தது. சளி பிடித்திருக்கிறது என்றாள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுக்கக் கையை நீட்டியபோது புடவைத் தலைப்பு விலக, மணிக்கட்டுக்கு மேலே விரல் பதிந்த தடங்கள் தெரிந்தன. நாவல்பழ நிறம். நர்ஸ் பார்ப்பதைக் கண்டதும் தலைப்பை இழுத்துவிட்டாள்.

நர்ஸின் நினைப்பு உடனே தம்பியின் மேல்தான் போனது. குணமான பிறகு கை ஓங்குகிறவர்களையும் அவள் கண்டிருக்கிறாள். அவனை வாசலுக்குக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள். அக்காவை அடிக்கிறாயா?

அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளை முதலில் உறுத்தியது. இரண்டு கைகளையும் விரித்து அவள் முன்னால் நீட்டினான். சின்னக் கைகள், குட்டையான விரல்கள். அந்தத் தடத்தில் இருந்த விரல்கள் மிக நீளம்.

"எனக்கு இப்ப ஒண்ணுமே கேக்கல சிஸ்டர்" என்றான். "மூலையப் பார்த்தா வெறும் சுவருதான். அதுதான் பயமா இருக்கு. அது போகல. எனக்குத்தான் தெரியல."

ஊசியை நிறுத்திவிடும்படி கேட்டான். பழையபடி ஆகிவிட்டால் தானே உட்கார்ந்து பேசிக்கொள்வேன், அக்கா பிழைத்துப் போவாள் என்றான். இத்தனை வருஷ வேலையில், திரும்பவும் பைத்தியமாக்கிவிடு என்று தெளிந்த புத்தியோடு கேட்டவனை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் டாக்டருக்குப் போன் போட்டாள். நோய் திரும்பத் தலைகாட்டுகிறது, கைவிடாதீர்கள், அக்காவையும் அழைத்து வாருங்கள், கவனிப்பவருக்கும் மனசு உடைவது உண்டு என்றார் டாக்டர். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அவள் நயமாக எடுத்துச் சொல்ல, தம்பி தோளைக் காட்டினான். அக்கா மட்டும் ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொல்லிச் சொல்லியே வராமலிருந்தாள்.

அடுத்த ஊசிக்கு நாள் இருந்தது. அதற்குள் ஒரு மத்தியானம் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"வாங்க சிஸ்டர். அவளுக்குக் குரல் போயிட்டிருக்கு."

வெளியே சுள்ளென்று வெயில். சந்தில் எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்திருந்தன, ஆனால் யாரும் வெளியே வரவில்லை. நர்ஸ் உள்ளே நுழைந்ததும் வெயில் வாசலோடு நின்றுவிட்டது. முன்னறை வரைக்கும் அந்த வாடை வந்திருந்தது. நனைந்த சாக்கு. கருகிய முடி.

அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், மூலையைப் பார்த்தபடி. வாய் அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் ஏறக்குறைய இல்லை. காய்ந்த இலையைக் கசக்குவதுபோல் ஒரு சரசரப்பு மட்டும். தம்பி பக்கத்தில் மண்டியிட்டு, மூலையைப் பார்த்து வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தான். வேர்வையும் கண்ணீருமாக அவன் முகம் நனைந்திருந்தது.

"அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது சிஸ்டர். இவளை இழுத்துப் பார்த்தேன், அசைக்க முடியல."

நர்ஸ் கைப்பேசியில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். குனிந்து அக்காவின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். குருவியின் நெஞ்சுபோல் துடித்தது. நீர்ச்சத்து போயிருக்கிறது, களைப்பு, மன அதிர்ச்சி என்று மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டே வந்தாள். பெயர் வைத்தால் பயம் தள்ளி நிற்கும் என்பது அவள் அனுபவம்.

அப்போது அக்காவின் உதடுகள் நின்றன.

சரசரப்பு ஓய்ந்தது. தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். சமையலறைக் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

மூலையில் யாரோ பல்லிடுக்கால் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

எலும்பு நெட்டி முறிகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. வெகுநாள் குந்தியிருந்தவர் எழுந்திருக்கும்போது வருவதுபோல். அந்தச் சத்தம் தரையிலிருந்து தொடங்கி மேலே ஏறியது. நர்ஸின் முழங்கால் உயரம். இடுப்பு உயரம். அவள் தலைக்கு மேலே. அதற்கும் மேலே.

அக்காவின் பின்னல் தானாக எழும்பியது.

கண்முன்னால், மெதுவாக, முதுகை விட்டு எழும்பி விறைத்து நின்றது. பிறகு வெடுக்கென்று பின்னால் இழுபட்டது. அக்காவின் தலை மல்லாந்தது. கண்கள் விட்டத்தைப் பார்த்தன. அவள் கழுத்துச் சதையில் நீளமான பள்ளங்கள் விழுந்தன. நான்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

தம்பி பாய்ந்து அந்தக் கழுத்தைப் பிடித்தான். அவன் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. பள்ளங்கள் இன்னும் ஆழமாயின.

நோயாளிக்குக் கேட்கிற குரலுக்கு நாம் பதில் சொல்லக் கூடாது. பயிற்சியின் முதல் வாரத்திலிருந்து அவள் மீறாத விதி அது. மீறினாள்.

"விடு அவளை" என்றாள், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து.

பின்னல் பொத்தென்று விழுந்தது. அக்கா தம்பியின் மேல் சரிந்தாள்.

அறை அசையாமல் இருந்தது. பிறகு நர்ஸின் இடது காதில் ஈரமான குளிர் பட்டது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். வெறுப்பைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

"ஊசிக்காரி."

அவள் மூலையைப் பார்த்தபடியே நின்றாள்.

"நீ பேசு."

அவள் பேசினாள். என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினாள். மருந்துப் பெயர்களைச் சொன்னாள். நர்ஸிங் ஸ்கூலில் மனப்பாடம் செய்த எலும்புகளை வரிசையாக ஒப்பித்தாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்யாததைச் சொல்லிக் குறைபட்டாள். பேசிக்கொண்டே புறங்கையால் தம்பிக்குச் சைகை காட்டினாள். அவன் அக்காவைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னறை வழியாக வெளியேறினான். நர்ஸ் மூலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னோக்கி நடந்தாள். ஓர் இடத்தில் வார்த்தை கிடைக்காமல் நாக்குக் குழறியது. உடனே அவள் தாடையை விரல்கள் பற்றின. பனிக்கட்டிபோல், கன்னம் முழுக்கச் சுற்றி வளைக்கிற நீள விரல்கள். வாசலில் குதிகால் இடறி அவள் சந்தில் மல்லாக்க விழுந்தாள். அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

சந்து முழுக்கத் தலைகள் இருந்தன. யாரும் கை கொடுக்கவில்லை. மாடியிலிருந்து எதிர்வீட்டுக்காரி, இவளுக்கும் பிடித்துக்கொண்டதா என்று யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது. ஆம்புலன்ஸ்காரர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நர்ஸுக்கு வாய் நின்றது. வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எதுவும் நடக்கவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். குரல் திரும்ப வெகுநாளானது. கழுத்தில் இருந்த தடத்துக்கு, தானே நெரித்துக்கொள்ள முயன்றிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். நர்ஸ் அதைத் திருத்தவில்லை. திருத்தினால் மனநலப் பிரிவில் அடுத்த கட்டில் யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். அக்காவும் தம்பியும் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. ஊரின் வேறு மூலையில், நாலு பக்கமும் ஜன்னல் வைத்த ஒரு மாடி அறைக்குப் போய்விட்டார்கள். தம்பி ஊசியை விடாமல் போட்டுக்கொண்டு ஒரு துணிக்கடையில் லிஃப்ட் வேலைக்குப் போகிறான். நர்ஸைப் பார்த்தால் இருவரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்தச் சந்து வீடு பூட்டிக் கிடந்தது. அவள் ஒருநாள் துணிந்து போய், ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தாள். சுண்ணாம்பு வாசம் மட்டும்தான். நடு அறை வெறும் அறையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. கொஞ்சநாள் லீவு எடுத்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையில், சுலபமான வீடாக இருக்கட்டும் என்று லாரிக்காரரைத் தேர்ந்தெடுத்தாள்.

லாரிக்காரர் அவளுடைய பழைய நோயாளி. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் படாத பாடு பட்டு, இப்போது பல வருஷமாக எந்தத் தொந்தரவும் இல்லாமல் மகன் வீட்டு மாடியில் செடி வளர்த்துக்கொண்டிருக்கிறார். அவள் வருகிற நாளில் படியிறங்கி வந்தே வரவேற்பார். பெரிய குரல், பெரிய சிரிப்பு. இளைத்துவிட்டீர்கள் என்று அவளிடம் சொல்லாமல் ஒருநாளும் விட்டதில்லை.

அன்றைக்கு அவர் படியிறங்கி வரவில்லை. மேல்படியில் நின்றார். அவள் பாதிப் படி ஏறியதும் கையை நீட்டி வழியை மறித்தார். சிரிப்பு இல்லை. அவர் பார்வை அவள் மேல் விழவில்லை. அவள் தலைக்கு வெகுமேலே, பின்னால், எதன்மேலோ குத்தியிருந்தது.

"சிஸ்டர், நீங்க மட்டும்னா வாங்க" என்றார், பிள்ளையை எழுப்பிவிடாமல் பேசுகிறவர்போல. "கூட வந்தவங்க வேண்டாம். எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

மாத்திரையை விட்டுவிட்டாரா என்று கேட்க வாயெடுத்தாள். ஆனால் அவர் கண்ணில் நோய் இல்லை. தெளிந்த கண். அவருக்குப் பின்னால் கதவருகே நின்றிருந்த மருமகள், பிள்ளை பெற்ற இளம்பெண், ஒரு நாளும் மனநல மருத்துவரைத் தேடிப் போகாதவள், அவளும் அதே உயரத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மாமனாரின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கதவு சாத்தப்பட்டது. மேல் தாழ் விழுந்தது, கீழ்த் தாழ் விழுந்தது, பிறகு ஏதோ கனமான சாமானைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நகர்த்துகிற சத்தம்.

நர்ஸ் ஒவ்வொரு படியாக இறங்கினாள். தெருவில் பட்டப்பகல். ஸ்கூல் வேன் ஒன்று போனது. பால்காரர் பெல் அடித்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. மருந்துப் பெட்டியை முன்னால் வைத்து, வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஸ்டாண்டை எடுத்தாள். சாவியைத் திருகப் போன கை பாதியில் நின்றது.

வண்டியின் பின்சக்கரம் மெல்ல, யாரோ பார்த்து நிதானமாக ஏறி உட்காருகிறபோது அமுங்குவதுபோல், அமுங்கியது.